மீன்தொட்டியின் நீரை அறிவோம்

தோட்டப்புற வீடுகளில் கண்ணாடித் தொட்டி வைத்து மீன் வளர்ப்பது புதிய காட்சியன்று. வேலை முடிந்து வந்து சற்றே அமர்ந்து, பச்சைச் செடிகளுக்கிடையே மீன்கள் நீந்துவதைக் காண்பது மனத்திற்கு இதமளிக்கும். பிள்ளைகளுக்கோ அத்தொட்டி ஓர் உயிருள்ள பாடநூலாகும். ஆயினும் இந்நற்பொழுதுபோக்கைத் தொடங்கும் குடும்பங்கள் பல, முதல் மாதத்திலேயே மனம் சலித்து அதனைக் கைவிட்டு விடுகின்றன. வாங்கி வந்த மீன்கள் சில நாள்களிலேயே இறந்துவிடுவதே அதற்குக் காரணமாகும்.

அண்மையில் ஒரு தோட்டத்திற்குச் சென்றிருந்தபோது நாம் அறிந்த செய்தி இது. தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டில் பயிலும் சிறுவன் ஒருவன் தேர்வில் நன்றாகச் செய்திருந்தான். அவன் தந்தை மகிழ்ந்து, பால் வெட்டிச் சேர்த்த காசில் இரண்டடி நீளத் தொட்டி ஒன்றும், பத்துச் சிறு மீன்களும், சில நீர்ச்செடிகளும் வாங்கித் தந்தார். அன்று மாலையே குழாய் நீரை நிரப்பி மீன்களை விட்டனர். நான்காம் நாள் மீன்கள் மேற்பரப்பிற்கு வந்து வாய் திறந்து திணறின. இரண்டு இறந்தன. நீர் அழுக்கடைந்துவிட்டது என்று எண்ணிய தந்தை, நீர் முழுவதையும் கொட்டினார், கூழாங்கற்களையும் வடிகட்டியின் பஞ்சையும் குழாயடியில் தேய்த்துக் கழுவினார், புதுநீர் நிரப்பினார். மறுநாள் காலையில் ஒரு மீனும் மிஞ்சவில்லை.

அண்டை வீட்டு அம்மையார், "கண்ணேறு பட்டுவிட்டது" என்றார். தந்தையோ, கடையில் நோயுற்ற மீன்களைக் கொடுத்துவிட்டார்கள் என்று வருந்தினார். "தண்ணீர் தெளிவாகத்தானே இருந்தது, அப்பா?" என்று சிறுவன் கேட்டதற்கு ஒருவரிடமும் விடையில்லை. அதே வரிசையில் நான்கு வீடு தள்ளி, பாசி படிந்த பழைய தொட்டியொன்றில் மீன்கள் ஈராண்டுகளாக நலமாக வாழ்ந்து வருகின்றன. சுத்தமான தொட்டியில் மீன் சாகிறது; பாசி படிந்த தொட்டியில் மீன் வாழ்கிறது. இஃது ஏன்? அச்சிறுவனின் கேள்விக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நமக்குப் பழக்கமான அம்மோனியா

இரப்பர்த் தோட்டப் பாட்டாளிகளுக்கு அம்மோனியா புதிய பொருளன்று. வெட்டிய பால் விரைவில் உறைந்துவிடாமல் இருக்கவும், கெடாமல் இருக்கவும் அதில் அம்மோனியா சேர்ப்பதுண்டு. மூக்கைத் துளைத்துக் கண்ணில் நீரை வரவழைக்கும் அந்த நெடியை ஒருமுறை முகர்ந்தவர் மறக்கமாட்டார்.

அதே அம்மோனியாதான் மீன்தொட்டியிலும் உண்டாகிறது. உண்ட உணவிலுள்ள புரதம் உடலில் சிதையும்போது அம்மோனியா தோன்றுகிறது. மனித உடல் அதனை யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் கழித்துவிடுகிறது. மீன்களோ பெரும்பகுதியைச் செவுள்களின் வழியாக நேரே நீரில் விட்டுவிடுகின்றன. தின்னாமல் மிஞ்சிய உணவும், மீன் கழிவும், அழுகிய இலையும் இதனுடன் சேர்கின்றன. ஆற்றில் இவையெல்லாம் அடித்துச் செல்லப்படும். தொட்டியிலோ போக வழியின்றித் தேங்கி நிற்கும்.

இதனை ஒரு கணக்கால் காண்போம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டியில் ஏறத்தாழ 50 லிட்டர் நீர் நிற்கும். நாளொன்றுக்கு 1 கிராம் மீன் உணவு போடுவதாகக் கொள்வோம். அவ்வுணவில் நூற்றுக்கு 40 பங்கு புரதம் இருப்பின், 400 மில்லிகிராம் புரதமாகும். புரதத்தில் நூற்றுக்கு 16 பங்கு நைட்ரஜன். ஆகவே 64 மில்லிகிராம் நைட்ரஜன் தொட்டிக்குள் போகிறது. அதில் பாதி அம்மோனியாவாக வெளிப்பட்டாலும் 32 மில்லிகிராம். அதாவது லிட்டருக்கு 0.6 மில்லிகிராமுக்குச் சற்று மேல். நான்கு நாள்களில் அது லிட்டருக்கு ஏறத்தாழ 2.5 மில்லிகிராமாக ஏறிவிடும். இந்த அளவிற்கு நிறமில்லை. நமது மூக்கிற்கு எட்டும் நெடியுமில்லை. நீர் பளிங்குபோலத் தெளிந்தே இருக்கும். ஆனால் மீனின் செவுள்கள் வெந்து சிவந்துவிடும். சிறுவனின் தொட்டியில் நான்காம் நாள் நிகழ்ந்தது இதுவேயாகும்.

கண்ணுக்குத் தெரியாத வேலையாட்கள்

அங்ஙனமாயின் நான்கு வீடு தள்ளியிருந்த பழைய தொட்டியில் மீன்கள் எப்படிப் பிழைத்தன? அங்கும் அம்மோனியா உண்டாகத்தான் செய்கிறது. ஆனால் அதனை உடனுக்குடன் உண்டு மாற்றிவிடும் நுண்ணுயிர்கள் அத்தொட்டியின் மணலிலும், கல்லிலும், வடிகட்டியின் பஞ்சிலும் குடியேறியுள்ளன.

இவை இரண்டு படிகளாக வேலை செய்கின்றன. ஒரு வகை நுண்ணுயிர் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் நஞ்சேயாகும். அது மீனின் இரத்தத்திற் கலந்து, பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுத்து, இரத்தத்தைப் பழுப்பு நிறமாக்கிவிடும். மற்றொரு வகை நுண்ணுயிர் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட், சிறிதளவில் மீனுக்குக் கேடு செய்யாது. செடிக்கோ அது உரமாகும்.

இம்மாற்றம் உயிர்களின் வேலையே என்பதை 1877ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டு அறிஞர்களான ஷ்லோசிங், முன்ட்ஸ் இருவரும் காட்டினர். அவர்கள் கழிவுநீரை மணல் வழியாக மெல்ல இறக்கியபோது, சில வாரங்கள் கழித்தே அம்மோனியா நைட்ரேட்டாக மாறத் தொடங்கியது. நுண்ணுயிர்களைச் செயலிழக்கச் செய்யும் குளோரோஃபார்ம் ஆவியை மணலில் செலுத்தியதும் மாற்றம் நின்றுபோயிற்று. இரண்டு படிகளையும் ஒன்றே செய்து முடிக்கும் நுண்ணுயிரும் உண்டு என்பது 2015ஆம் ஆண்டில் வெளியான ஆய்வுகளால் தெரியவந்தது.

இந்த நுண்ணுயிர்கள் மெல்லப் பெருகுபவை. புதிய தொட்டியில் அவை போதிய அளவு பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை ஆகலாம். இதனையே தொட்டி பக்குவப்படுதல் என்கிறோம். தந்தையார் கல்லையும் பஞ்சையும் குழாய் நீரில் தேய்த்துக் கழுவியபோது, அப்போதுதான் குடியேறத் தொடங்கியிருந்த சில நுண்ணுயிர்களும் அழிந்தன. குழாய் நீரிலிருந்த குளோரின், ஏற்கெனவே புண்பட்ட செவுள்களை மேலும் புண்படுத்தியது. அன்போடு செய்த துப்புரவே மீன்களுக்கு எமனாயிற்று. கடையையும் கண்ணேற்றையும் நாம் குறை கூற வேண்டியதில்லை.

அமிலமும் காரமும்

பால் உறைய ஃபார்மிக் அமிலம் ஊற்றுகிறோம். உறையாதிருக்க அம்மோனியா சேர்க்கிறோம். ஒன்று அமிலம், மற்றொன்று காரம். நீரின் அமிலத் தன்மையையும் காரத் தன்மையையும் அளக்கும் அளவுகோலுக்குப் பி.எச். என்று பெயர். டென்மார்க்கைச் சேர்ந்த சோரன்சென் என்னும் அறிஞர் 1909ஆம் ஆண்டில் இதனை வகுத்தார். இதில் 7 என்பது நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஓர் எண் இறங்கினால் அமிலத் தன்மை பத்து மடங்கு கூடியதாகப் பொருள். இரண்டு எண் இறங்கினால் நூறு மடங்காகும்.

இவ்வளவுகோலுக்கும் அம்மோனியாவுக்கும் நெருங்கிய தொடர்புண்டு. நீரில் அம்மோனியா இரண்டு உருவங்களில் இருக்கிறது. ஒன்று, செவுள்வழி எளிதில் புகும் கொடிய அம்மோனியா. மற்றொன்று, அத்துணைக் கேடு செய்யாத அம்மோனியம். எது எவ்வளவு என்பதைப் பி.எச். அளவும் வெப்பமும் முடிவு செய்கின்றன. நமது நாட்டின் வெப்பத்தில், 28 பாகை நீரில், பி.எச். 7 ஆக இருப்பின் மொத்தத்தில் நூற்றுக்கு ஒரு பங்கிற்கும் குறைவாகவே கொடிய உருவில் இருக்கும். பி.எச். 8 ஆகும்போது அது ஆறரைப் பங்காகும். பி.எச். 9 ஆனால் நாற்பது பங்கையும் தாண்டிவிடும்.

முன்னர்க் கண்ட லிட்டருக்கு 2.5 மில்லிகிராமை மீண்டும் எடுத்துக்கொள்வோம். பி.எச். 7 உள்ள நீரில் கொடிய அம்மோனியா 0.02 மில்லிகிராமுக்குள் நிற்கும். மீன்கள் ஓரளவு தாக்குப் பிடிக்கும். பி.எச். 8 உள்ள நீரிலோ அது 0.16 மில்லிகிராமாகும், மீன்களுக்குப் பெருங்கேடு விளையும். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய மீன்கள் ஒரு வீட்டில் வாழ்ந்து மற்றொரு வீட்டில் மடிவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

ஆகவே, அமில நீரே நல்லது என்று முடிவு செய்துவிடலாகாது. பி.எச். 6க்குக் கீழே இறங்கினால் நன்மை செய்யும் நுண்ணுயிர்களின் வேலை மிகவும் மந்தப்பட்டுவிடும். அம்மோனியா மாற்றமடையாமல், தீங்கற்ற உருவில் மறைந்து குவியும். அந்நிலையில் ஒருநாள் காரத் தன்மையுள்ள புதுநீரை நிறைய ஊற்றினால், மறைந்திருந்ததில் ஒரு பகுதி கொடிய உருவெடுத்து ஒரே இரவில் மீன்களைக் கொன்றுவிடும். நெடுநாள் கவனியாத பழைய தொட்டியில் நீரைச் சிறிது சிறிதாகவே மாற்ற வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

பிள்ளைகள் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். நமது தேசிய மலராகிய செம்பருத்தியின் சிவந்த இதழ்களை வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டிய சாற்றில், எலுமிச்சைச் சாறு சேர்த்தால் அது நல்ல சிவப்பாகும். சமையல் சோடா கரைத்த நீர் சேர்த்தால் பச்சை நிறமாக மாறும். அமிலமும் காரமும் என்னவென்று இதனால் விளங்கும். ஆனால் மீன்தொட்டிக்கு வேண்டிய நுண்ணிய அளவை இது காட்டாது. அதற்கு மீன் கடைகளில் விற்கும் சொட்டுமருந்துச் சோதனைப் பெட்டியே தேவை. அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பி.எச். ஆகிய நான்கையும் சோதிக்கும் பெட்டி ஒன்றைப் பல குடும்பங்கள் சேர்ந்து வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம்.

கடின நீரும் மென்னீரும்

நீரில் கரைந்துள்ள சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் மிகுந்தால் அது கடின நீர், குறைந்தால் மென்னீர். சவர்க்காரம் எளிதில் நுரைத்தால் மென்னீர் என்று அறியலாம். இவற்றோடு நீரில் கரைந்துள்ள கார்பனேட் உப்புகளையும் நாம் கருத வேண்டும். அமிலம் சேரும்போது அதனை ஏற்றுக்கொண்டு பி.எச். அளவு சட்டென்று விழாமல் தாங்குபவை இவையே. வீட்டைத் தாங்கும் தூண்கள் போன்றவை எனலாம்.

நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும்போது அமிலமும் உண்டாகிறது. ஒரு மில்லிகிராம் நைட்ரஜன் மாறுவதற்கு, சுண்ணாம்புக் கார்பனேட்டாகக் கணக்கிட்டால், ஏழு மில்லிகிராம் அளவு செலவாகிறது. கடின நீரில் கையிருப்பு மிகுதி, மென்னீரில் குறைவு. கையிருப்புத் தீர்ந்தவுடன் பி.எச். திடீரென்று சரியும்.

நமது நாட்டில் இரு வகை நீரும் உண்டு. சுண்ணாம்புக் குன்றுகள் சூழ்ந்த ஈப்போ, கிந்தாப் பள்ளத்தாக்குப் பகுதிகளில் ஊற்று நீரும் கிணற்று நீரும் கடினமாக இருக்கும். சதுப்புக் காடுகளிலிருந்து வரும் தேநீர் நிற ஓடைகளிலோ நீர் மிக மென்மையானது. அமிலத் தன்மையும் மிகுதி. அங்கு வாழும் ராஸ்போரா போன்ற மீன்கள் அத்தகைய நீருக்கே பழகியவை. கப்பி, மோலி போன்ற மீன்களோ சற்றுக் கடினமான நீரை விரும்புபவை. நம் வீட்டு நீருக்கு ஏற்ற மீனைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை. மீனுக்கேற்ப நீரை நாள்தோறும் மாற்ற முயல்வது வீண் பாடு.

மழைநீரைப் பயன்படுத்துவோர் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். மழைநீரில் உப்புகள் ஏறக்குறைய இல்லை. தாங்கும் தூண்களும் இல்லை. அதனைக் குழாய் நீருடன் கலந்து பயன்படுத்தலாம். அல்லது கழுவிய கிளிஞ்சல் துண்டுகளைச் சிறு துணிப்பையில் கட்டித் தொட்டிக்குள் இடலாம். அவை மெல்லக் கரைந்து நீரைத் தாங்கும்.

செடிகள் செய்யும் உதவி

நீர்ச்செடிகள் அழகுக்காக மட்டும் வைப்பவையல்ல. அவை அம்மோனியத்தையும் நைட்ரேட்டையும் உணவாக உறிஞ்சுகின்றன. நைட்ரேட்டைவிட அம்மோனியத்தையே பல நீர்ச்செடிகள் முதலில் எடுத்துக்கொள்ளும். எனவே செடி அடர்ந்த தொட்டியில் மீன்களுக்குப் பாதுகாப்பு மிகுதி. ஹைட்ரில்லா போன்று விரைந்து வளரும் செடிகள் தொடக்கத்தில் பெரிதும் உதவும். ஜாவாப் பெரணியை மணலில் புதைக்காமல் கல்லிலோ கட்டையிலோ கட்டிவிட வேண்டும். நமது காட்டு ஓடைகளில் இயல்பாக வளரும் கிரிப்டோகோரின் இனச் செடிகள், நீரின் தன்மை மாறினால் இலைகளை உதிர்த்துக் கரைத்துவிடும். அப்போது செடி செத்துவிட்டது என்று பிடுங்கி எறியலாகாது. வேர் உயிரோடிருக்கும், சில வாரங்களில் புதிய இலை விடும்.

பகலில் வெளிச்சத்தில் செடிகள் கரியமில வாயுவை எடுத்துப் பிராணவாயுவை வெளியிடுகின்றன. கரியமில வாயு குறைவதால் நீரின் பி.எச். ஏறும். இரவிலோ செடிகளும் மீன்களைப் போலவே பிராணவாயுவைச் செலவிட்டுக் கரியமில வாயுவை வெளியிடும், பி.எச். இறங்கும். ஆகவே சோதனையை எப்போதும் ஒரே வேளையில் செய்ய வேண்டும். காலையில் ஒரு நாளும் மாலையில் ஒரு நாளும் அளந்துவிட்டு, நீர் கெட்டுவிட்டது என்று அஞ்சுவது தவறு.

நமது வெப்பத்தில் நீர் தாங்கக்கூடிய பிராணவாயுவும் குறைவு. 20 பாகையில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரையும். 30 பாகையில் ஏழரை மில்லிகிராம்தான் கரையும். அதிகாலையில் பெரட்டுக்குப் புறப்படும் வேளையில் தொட்டியைப் பாருங்கள். அப்போது மட்டும் மீன்கள் மேலே வந்து திணறி, வெயில் ஏறியதும் தெளிவடைந்தால், இரவில் பிராணவாயு போதவில்லை என்று கொள்ளலாம். நீரைக் கலக்கிவிடும் காற்றுக் குமிழிக் கருவி அதற்கு மருந்து. நாள் முழுவதும் திணறினால், அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் சோதிக்க வேண்டும்.

உரத்தில் எச்சரிக்கை

இரப்பர் மரத்தின் இலையைப் பார்த்தே சத்துக் குறைவைச் சொல்லும் அனுபவசாலிகள் நம்மிடையே உண்டு. நரம்புகள் பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் முதிர்ந்த இலை மாறினால் மக்னீசியம் போதவில்லை என்பர். நீர்ச்செடியிலும் இதே பாடம் பொருந்தும். பழைய இலைகள் முழுவதும் மஞ்சளாகி உதிர்ந்தால் நைட்ரஜன் குறைவு. இளந்தளிர் வெளிறினால் இரும்புச் சத்துக் குறைவு என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

ஆனால் செடி வெளிறியது என்று தோட்டத்து உரத்தை ஒரு பிடி அள்ளித் தொட்டியில் போட்டுவிடக் கூடாது. யூரியா நீரில் நுண்ணுயிர்களால் அம்மோனியாவாக மாறும். கலப்பு உரங்கள் பலவற்றிலும் அம்மோனியம் உண்டு. மரத்திற்கு ஊட்டமாவது மீனுக்கு நஞ்சாகிவிடும். நீர்ச்செடிகளுக்கென்றே விற்கும் உரத்தையே, சொல்லப்பட்ட அளவில் பாதியாகத் தொடங்கிப் பயன்படுத்த வேண்டும்.

அதுபோலவே, பால் சுமந்த வாளியிலும், அமிலமோ களைக்கொல்லியோ இருந்த கலத்திலும் தொட்டிக்கு நீர் மொள்ளக் கூடாது. எத்தனை முறை கழுவினாலும் மிச்சம் இருக்கக்கூடும். மீன்தொட்டிக்கென்று புதிய வாளி ஒன்றைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

தொட்டியைத் தொடங்கும் முறை

இதுவரை கூறியவற்றை மனத்திற் கொண்டு, புதிய தொட்டியை இவ்வாறு தொடங்கலாம்.

முதல் வாரம்: நேர் வெயில் படாத இடத்தில், உறுதியான மேசையில் தொட்டியை வையுங்கள். 50 லிட்டர் நீர் மட்டுமே 50 கிலோகிராம் எடையாகும். குழாய் நீரை அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் வைத்திருந்தால் குளோரின் பெரும்பாலும் வெளியேறிவிடும். சிங்கப்பூரில் உள்ளது போலக் குளோரமின் கலந்த நீராயின் அது தானே வெளியேறாது; குளோரமினையும் நீக்கும் மருந்தென்று குறிப்பிட்டு வாங்கிச் சேர்க்க வேண்டும். செடிகளை நெருக்கமாக நடுங்கள். வடிகட்டியை இரவு பகலாக ஓடவிடுங்கள். விளக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் எரிந்தால் போதும். மிகுந்தால் பாசி மண்டும்.

இரண்டாம் வாரம் முதல்: மீன் விடாமல், ஒரு சிட்டிகை மீன் உணவை மட்டும் நாள்தோறும் இடுங்கள். அது அழுகி அம்மோனியாவைத் தரும். நுண்ணுயிர்கள் அதனை உண்டு பெருகும். நல்ல நிலையிலுள்ள தொட்டி வைத்திருக்கும் அண்டை வீட்டாரிடம் ஒரு கைப்பிடிக் கூழாங்கல்லோ பழைய பஞ்சில் ஒரு துண்டோ கேட்டு வாங்கி இட்டால், காத்திருக்கும் காலம் குறையும். தயிருக்கு உறை குத்துவது போன்றதே இது.

மீனில்லாத இவ்வாரங்களில் கொசு முட்டையிட வாய்ப்புண்டு. தேங்கிய தெளிநீரையே ஏடிஸ் கொசு நாடும். நமது வெப்பத்தில் முட்டை பத்து நாளுக்குள் கொசுவாகிவிடும். கொசுப் பெருக்கத்திற்கு இடமளிப்போரைத் தண்டிக்க 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டம் இடமளிக்கிறது. சட்டத்தைவிட நம் பிள்ளைகளின் உயிர் பெரிது. ஆகவே தொட்டியையும், நீர் பிடித்து வைத்த பாத்திரத்தையும் நெருங்கிய வலையால் மூடி வையுங்கள்.

ஐந்தாம், ஆறாம் வாரம்: சோதனையில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லை என்று காட்டி, நைட்ரேட் மட்டும் தெரிந்தால் தொட்டி பக்குவப்பட்டது. முதலில் இரண்டு சிறு மீன்களை மட்டும் விடுங்கள். ஒரு வாரம் கழித்து மேலும் இரண்டு. நுண்ணுயிர்களின் எண்ணிக்கை மீன்களின் எண்ணிக்கைக்கு ஏற்பவே வளரும்.

அன்றாடக் கவனிப்பு

இரண்டு நிமிடங்களில் மீன்கள் தின்று முடிக்கும் அளவே உணவு கொடுங்கள். அன்பு மிகுதியால் அள்ளிப் போடும் உணவே பெரும்பாலான தொட்டிகளைக் கெடுக்கிறது. வாரம் ஒருமுறை நாலில் ஒரு பங்கு நீரை மட்டும் மாற்றுங்கள். வடிகட்டியின் பஞ்சை, வெளியே எடுத்த அந்தப் பழைய நீரிலேயே பிழிந்து கழுவுங்கள். குழாயடிக்குக் கொண்டுபோக வேண்டாம். எடுத்த நீரைச் சாக்கடையில் கொட்டாமல் கத்தரிக்கும் மிளகாய்க்கும் ஊற்றினால், அதிலுள்ள நைட்ரேட் வீண்போகாது.

மீன்கள் திணறும்போது பதற்றப்பட்டு எல்லாவற்றையும் கழுவிவிடாதீர்கள். உணவை நிறுத்துங்கள், காற்றுக் குமிழியை ஓடவிடுங்கள், குளோரின் நீக்கிய, அதே வெப்பமுள்ள நீரால் மூன்றில் ஒரு பங்கை மாற்றுங்கள். நெடுநாள் கவனியாத தொட்டியாயின், முன்னர்க் கூறியபடி அதனையும் சிறிது சிறிதாகவே மாற்றுங்கள். சோதனையில் நைட்ரைட் தெரிந்தால், 50 லிட்டருக்கு ஒரு சிறு தேக்கரண்டி உப்பைக் கரைத்து ஊற்றலாம். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள்வழிப் புகுவதைத் தடுக்கும். இச்சிறு அளவு செடிகளுக்குக் கேடு செய்யாது.

வளர்க்க இயலாத மீனை ஓடையிலோ ஆற்றிலோ விடுவது பெருந்தவறாகும். தொட்டிப் பாசியைத் தின்னும் என்று வாங்கி, பெரிதானதும் கொண்டுபோய் விடப்பட்ட 'பண்டாராயா' மீன்கள் நமது ஆறுகளில் பெருகிவிட்டதை இன்று காண்கிறோம். வேண்டாத மீனை வேறொருவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

சிறுவனின் குறிப்பேடு

சில மாதங்கள் கழித்து அத்தோட்டத்திற்கு மீண்டும் செல்லும் வாய்ப்புக் கிட்டியது. காலியாகக் கிடந்த தொட்டி மீண்டும் மேசைக்கு வந்திருந்தது. நான்கு வீடு தள்ளியிருந்த பழைய தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடிக் கல் வந்து சேர்ந்திருந்தது. சிறுவன் ஒரு பயிற்சிப் புத்தகத்தில் கோடு போட்டு, நாள், பி.எச்., அம்மோனியா, நைட்ரைட் என்று எழுதி வைத்திருந்தான். அம்மோனியா ஏறியதும், பிறகு அது இறங்க நைட்ரைட் ஏறியதும், இறுதியில் இரண்டுமே இல்லாமற் போனதும் அவன் கையெழுத்திலேயே வரிசையாகத் தெரிந்தன. முப்பத்தெட்டாம் நாள் என்னும் இடத்தில், "இன்று இரண்டு மீன்" என்று எழுதியிருந்தான்.

பத்து மீன் கேட்ட பிள்ளை முப்பத்தெட்டு நாள் காத்திருந்து இரண்டு மீன் விடக் கற்றுக்கொண்டான். தந்தையும் கழுவும் கையைக் கட்டிக்கொண்டு பொறுத்திருந்தார். தெளிவாய்த் தெரிவதெல்லாம் நல்ல நீராகிவிடாது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் உப்புகளும் வாயுக்களும் ஒன்றோடொன்று இசைந்து நிற்கும் நீரே உயிர் வளர்க்கும் நீராகும். மீனை வளர்க்க விரும்புவோர் முதலில் நீரை வளர்க்கக் கற்க வேண்டும். அந்நீரை நாம் காத்தால், மீனை அது காக்கும்.